தீத்து திரும்பி வந்த நாள்: கொரிந்து சபை, ஒரு நிகழ்வு ஆய்வு

துரோவா ஒரு துறைமுகப் பட்டணம். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில், ஏஜியன் கடலைப் பார்த்தபடி இருந்தது. ஏறத்தாழ கி.பி. 55-ல் பவுல் அப்போஸ்தலர் அங்கே வந்து சேர்ந்தார். சுவிசேஷம் சொல்ல வாசல் திறந்திருந்தது. ஆனால் அவரால் அங்கே தரித்திருக்க முடியவில்லை. "நான் என் சகோதரனாகிய தீத்துவைக் காணாததினாலே, என் ஆவிக்கு அமைதலில்லாதிருந்தது" என்று அவரே பிறகு எழுதினார். திறந்த வாசலை விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டார்.

பவுலின் உடன் ஊழியரான தீத்து, கிரேக்கத்திலுள்ள கொரிந்துக்குப் போயிருந்தார். அந்தச் சபைக்குப் பவுல் கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதைக் கொண்டுபோனவர் தீத்துவே என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. கடிதத்தை வாசித்தார்களா? வாசித்துவிட்டு என்ன சொன்னார்கள்? அழுதார்களா, கோபப்பட்டார்களா? ஒன்றும் தெரியாமல் அந்த மனிதர் தவித்தார்.

சபைத் தலைவர்களும் சபையாரும் ஒருவரோடொருவர் எப்படிப் பேசவேண்டும் என்று கேட்டால் ஆளுக்குப் பத்து ஆலோசனை சொல்லிவிடலாம். நான் இந்த ஒரே சபையை எடுத்துக்கொள்கிறேன். இங்கே பேச்சு அறுந்ததும் தெரிகிறது, மறுபடி முடிச்சு விழுந்ததும் தெரிகிறது. இரண்டுக்கும் அந்தக் காலத்து எழுத்தே சாட்சி. ஒரு குறை உண்டு: கொரிந்தியர் பவுலுக்கு எழுதிய கடிதம் நம்மிடம் இல்லை. அவர்கள் குரலைப் பவுலின் பதில்களுக்குள்ளிருந்துதான் கேட்கவேண்டும். நிகழ்வுகளின் வரிசையையும் அறிஞர்கள் கடிதங்களுக்குள்ளிருந்தே கோத்தெடுக்கிறார்கள். சில இடங்களில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் வரிசையையே இங்கே பின்பற்றியிருக்கிறேன்.

கோபுரமும் வளையலும்

இந்தக் கடிதங்களை நான் இப்படி உட்கார்ந்து வாசிக்கக் காரணம் எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் ஆயரின் பொறுப்பிலுள்ள சபையில், நடந்த ஒரு காரியம்.

ஆலயக் கோபுரத்துக்கு அஸ்திபாரம் தோண்டி, கம்பி கட்டி, பாதி வேலையில் நிறுத்தினோம். ஒரு பக்கம் மண் இறங்குகிறது, பரிசோதனை செய்யாமல் மேலே ஏற்றவேண்டாம் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். நியாயமான காரணம். அதைச் சபையில் அறிவித்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று கமிட்டியில் முடிவெடுத்தோம். நான்தான் அப்போது செயலர். ஞாயிறு அறிவிப்பில் "கோபுர வேலை சில காரணங்களால் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. அதை எழுதிக்கொடுத்தவன் நான்.

அந்தச் "சில காரணங்கள்" எட்டு மாதம் ஊரைச் சுற்றியது. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கிறவர்கள் நான் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். அசனம் என்ற சபை விருந்துக்கு அரிசி தருகிற குடும்பங்களில் சிலர் அந்த வருஷம் தரவில்லை. ஒரு நாள் மாலை, கோபுரத்துக்கென்று தன் ஒற்றை வளையலைக் கழற்றிக் காணிக்கை கொடுத்திருந்த பாட்டி ஒருவர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "ஏய்யா, கேக்கேன்னு தப்பா நெனைக்காத. கோவுரத்துக்குன்னு குடுத்த வளையலு கோவுரத்துக்குத்தான் போச்சா?"

பணம் பைசா குறையாமல் வங்கியில் இருந்தது. எனக்குத்தான் வாய் எழவில்லை. அந்த அம்மா அப்படிக் கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது எங்கள் மௌனம்.

ஊரும் சபையும்

பெலொப்பொனேசு என்ற தீபகற்பத்தைக் கிரேக்கத்தின் வடபகுதியோடு சேர்க்கும் இடத்தில் நிலம் ஒடுங்கிச் சுமார் 6 கிலோமீட்டர் அகலமே இருக்கும். அதன் அருகே கொரிந்து. இருபுறமும் கடல், இருபுறமும் துறைமுகம்: மேற்கே இலெக்கயோன், கிழக்கே வேதத்தில் வருகிற கெங்கிரேயா. கி.மு. 146-ல் ரோமர்கள் பழைய நகரத்தை அழித்தார்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாக அதை மறுபடி நிறுவினார். அங்கே குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். ஆக, பவுல் வந்தபோது அது நூறு வயது கொண்ட புது ஊர். பரம்பரைப் பெருமை குறைவு, கையால் சம்பாதித்து மேலே வந்த பெருமை அதிகம். யார் யாருடைய ஆள் என்பது அங்கே பெரிய விஷயம்.

பவுல் அங்கே ஒன்றரை வருஷம் இருந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரம் செய்து பிழைத்தார். அதிபதி கல்லியோன் முன்னால் அவரை நிறுத்திய செய்தி அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. தெல்பியில் கிடைத்த கல்வெட்டால் கல்லியோன் பதவியில் இருந்த காலம் 51-52 என்று கணிக்க முடிகிறது. பவுலின் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாகக் காலம் சொல்லக்கூடிய இடங்கள் சிலவே.

சபையில் ஜெப ஆலயத் தலைவனாயிருந்த கிறிஸ்பு இருந்தார். சபை முழுவதையும் வீட்டில் ஏற்று உபசரிக்கும் வசதியுள்ள காயு இருந்தார். பட்டணத்து உக்கிராணக்காரன் ஏரஸ்து இருந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் எளியவர்கள், அடிமைகளும் இருந்தார்கள். தனி ஆலயக் கட்டடம் கிடையாது. வசதியுள்ளவர் வீட்டில் கூடினார்கள். வீட்டுக்காரர் யாரை எங்கே உட்காரவைக்கிறார் என்பதே ஒரு பேச்சாக இருந்திருக்கும். கர்த்தருடைய பந்தியில் முந்தி வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்க, வேலை முடிந்து வந்த ஏழை வெறும் பாத்திரத்தைப் பார்த்திருக்கிறான். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதியது இதைத்தான்; வெறி என்றது குடிமயக்கத்தை. சபையின் தலைமை வாயால் ஒரு வார்த்தை சொல்லாமலே அந்த ஏழைக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டது.

செய்தி வந்த வழிகள்

பவுல் இன்றைய துருக்கியின் கரையிலுள்ள எபேசுவில் இருக்கிறார், சபை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரோம அரசின் அஞ்சல் அரசு அலுவலுக்கு மட்டும். தனி மனிதரின் கடிதம் போகவேண்டுமானால் அந்தப் பக்கம் போகிற ஆள் வேண்டும். குளிர்காலத்தில் கடல் பயணம் ஏறக்குறைய நின்றுவிடும். ஒரு கேள்வி போய்ப் பதில் வர மாதங்கள் ஆகலாம்.

இருந்தும் செய்தி வந்தது, வெவ்வேறு வழிகளில் வந்தது. குலோவேயாளின் வீட்டார் வந்து சபைக்குள் இருக்கிற வாக்குவாதங்களைச் சொன்னார்கள்: ஒருவன் நான் பவுலைச் சேர்ந்தவன் என்கிறான், ஒருவன் போதகரான அப்பொல்லோ, ஒருவன் கேபா என்ற பேதுரு. சபையாரே கேள்விகளை எழுதிக் கடிதம் அனுப்பினார்கள். ஸ்தேவான், பொர்த்துனாத்து, அகாயுக்கு என்ற மூவர் நேரிலேயே வந்தார்கள். இவை போகக் காற்றுவாக்கில் வந்த செய்தியும் உண்டு.

இவற்றுக்குப் பதிலாகப் பவுல் எழுதிய கடிதமே நம் வேதத்தில் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபமாக இருக்கிறது. அதில் அவர் இவற்றைக் கையாண்ட விதத்தில் நான் நின்று பார்க்கும் இடங்கள் சில.

கேள்விப்பட்டதை அவர் மறைக்கவில்லை, யார் சொன்னார்கள் என்பதையும் மறைக்கவில்லை. நம் பிரசங்க பீடங்களில் "சிலர் பேசிக்கொள்கிறார்கள்" என்று ஆரம்பிக்கும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டதும் சபையில் எல்லோரும் எல்லோரையும் திரும்பிப் பார்ப்பார்கள். பவுல் பெயரைச் சொன்னார். இதில் எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கிறது. குலோவேயாளின் வீட்டார் என்பவர்கள் அவள் வீட்டு வேலைக்காரர்களாகவோ அடிமைகளாகவோ இருந்திருக்கலாம். பெயர் வெளிவந்தபின் ஊரில் அவர்கள் என்ன பட்டார்களோ? சொன்னவரின் சம்மதத்தோடு பெயர் சொல்வது ஒன்று, சொன்னவரைக் காட்டிக்கொடுப்பது வேறு. பவுல் சம்மதம் கேட்டாரா என்பது கடிதத்தில் இல்லை.

காற்றுவாக்கில் வந்ததைப் பற்றி அவர் எழுதியது இன்னும் கவனிக்கத் தக்கது: "உங்களில் பிரிவினைகள் உண்டென்று கேள்விப்படுகிறேன், அதில் சிலவற்றை நம்புகிறேன்." முழுவதையும் நம்பவில்லை, முழுவதையும் தள்ளவும் இல்லை.

அவர்கள் எழுதிய கேள்விகளுக்கு வரும்போது அவருடைய முறையே வேறு. "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து" என்று தொடங்குகிறார். கன்னிகைகளைக்குறித்து, விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவைகளைக்குறித்து, ஆவிக்குரிய வரங்களைக்குறித்து, தர்மப்பணத்தைக்குறித்து என்று ஒவ்வொன்றாக எடுக்கிறார். கடிதம் சபையில் உரக்க வாசிக்கப்படும்போது, கேள்வி கேட்டவன் தன் கேள்வி வருகிற இடத்தை உட்கார்ந்த இடத்திலேயே அடையாளம் கண்டிருப்பான். "நம்மெல்லாருக்கும் அறிவு உண்டு" என்பது அவர்கள் சொன்ன சொல்லாகவே இருக்கவேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு திருத்துகிறார்: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்."

ஏழாம் அதிகாரத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. என்னைப் போன்ற கமிட்டிக்காரர்கள் அதை மனப்பாடம் செய்யவேண்டும். கர்த்தர் கட்டளையிட்டது எது, தான் சொல்வது எது என்று பவுல் பிரித்துக் காட்டுகிறார். கன்னிகைகளைப் பற்றி "கர்த்தரால் எனக்குக் கட்டளையில்லை" என்று ஒப்புக்கொண்டு, "என் அபிப்பிராயத்தைத் தெரியப்படுத்துகிறேன்" என்கிறார். ஒரு அப்போஸ்தலர் இப்படிச் சொல்கிறார். நாமோ ஆராதனை நேரத்தை அரை மணி தள்ளிவைப்பதற்கும் தேவசித்தம் என்கிறோம். தேவசித்தம் என்று சொன்னபின் எந்த விசுவாசி வாய் திறப்பான்? திறந்தால் அவன் நம்மை எதிர்த்தவன் ஆகமாட்டான், தேவனை எதிர்த்தவன் ஆகிவிடுவான். பேச்சு அங்கேயே முடிந்தது.

பதினாலாம் அதிகாரத்தில் அந்நியபாஷையைப் பற்றி வாதாடும்போதும் அவர் கண் சாதாரண விசுவாசியின் மேலேயே இருக்கிறது. அவனுக்குப் புரியாமல் நீ ஸ்தோத்திரம் பண்ணினால் அவன் எப்படி ஆமென் சொல்லுவான் என்று கேட்கிறார். "எக்காளமும் விளங்காத சத்தமிட்டால், எவன் யுத்தத்திற்கு ஆயத்தம்பண்ணுவான்?" ஆமென் என்பது ஜெபத்தின் கடைசிச் சொல் மட்டும் அல்ல, சபையார் தருகிற பதிலும் அதுவே. என் ஒற்றை வரி அறிவிப்புக்கு யாரும் ஆமென் சொல்லியிருக்க முடியாது.

இருந்தும் உடைந்தது

இவ்வளவு கவனமாக எழுதிய கடிதத்துக்குப் பிறகு காரியம் சரியாகியிருக்கவேண்டும். ஆகவில்லை. மோசமானது.

ஒரு காரணம் கடிதத்திலேயே இருக்கிறது. அதே கடிதத்தின் நாலாம் அதிகாரத்தில், "நான் பிரம்போடு உங்களிடத்தில் வரவேண்டுமோ? அல்லது அன்போடும் சாந்தமுள்ள ஆவியோடும் வரவேண்டுமோ?" என்று கேட்டிருந்தார். எழுதியவர் மனதில் தகப்பன் பிள்ளையோடு பேசும் உரிமை. வாசிக்கக் கேட்டவர்களில் எத்தனை பேர் காதில் அன்பு விழுந்தது, எத்தனை பேர் காதில் பிரம்பு மட்டும் விழுந்தது? எழுத்தில் குரல் கிடையாது. இதற்கு முந்தி எழுதிய இன்னொரு கடிதத்தையும் அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். விபசாரக்காரரோடு கலக்கவேண்டாம் என்றால் உலகத்தில் யாரோடும் பழகக்கூடாது என்பதா என்று கேள்வி வந்து, நான் சொன்னது அது அல்ல என்று ஐந்தாம் அதிகாரத்தில் விளக்கவேண்டியதாயிற்று. தீமோத்தேயுவை அனுப்பினார். அவர் வந்தால் பயமில்லாமல் உங்களிடத்தில் இருக்கப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நிலைமை இருந்தது.

பிறகு பவுலே நேரில் போனார். அந்தச் சந்திப்பு துக்கத்தில் முடிந்தது. யாரோ ஒருவர் அவரை எல்லோர் முன்னாலும் நோகடித்திருக்கிறார். பெயர் இல்லை. சபையில் யாரும் பவுலுக்காக எழுந்து பேசவில்லை என்றே தோன்றுகிறது. அவர் திரும்பிவிட்டார்.

இப்போது பயணத் திட்டம். முதல் நிருபத்தின் முடிவில், மக்கெதோனியா வழியாக வந்து உங்களோடு குளிர்காலம் தங்குவேன் என்று எழுதியிருந்தார். பிறகு அதை மாற்றி, முதலில் உங்களிடம் வருவேன், மக்கெதோனியாவுக்குப் போய் மறுபடி உங்களிடம் வருவேன், இரண்டு தரம் பார்க்கலாம் என்றார். அப்படியும் வரவில்லை. வருவார் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு ஆள் வராமல் கடிதம் வந்தது.

கொரிந்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கவே வேண்டாம், இரண்டாம் நிருபத்தில் அவரே எழுதியிருக்கிறார். இவர் ஒரே வாயால் ஆம் என்பார், அல்ல என்பார். கடிதத்தில் வீரம், நேரில் ஒன்றுமில்லை: "அவனுடைய நிருபங்கள் பாரயோசனையும் பலமுமுள்ளவைகள், சரீரத்தின் தோற்றமோ பலவீனமும், வசனம் அற்பமுமாயிருக்கிறதென்கிறார்களே."

பணமும் சேர்ந்துகொண்டது. பவுல் கொரிந்தியரிடம் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் மக்கெதோனியாவிலிருந்து வந்த உதவியை வாங்கினார். அவர் மனதில் அது தியாகம். சபையார் மனதில் அது அவமதிப்பு: எங்கள் கை கறை படிந்ததா? "நான் உங்களைச் சிநேகியாதபடியினாலேயோ?" என்று அவர் கேட்கும் கேள்வியில் அவர்கள் மனத்தாங்கல் எதிரொலிக்கிறது. எதிர்ப்பக்கமும் ஒரு சந்தேகம்: சம்பளம் வேண்டாம் என்கிறார், எருசலேமின் ஏழைகளுக்கு என்று வேறு பணம் சேர்க்கிறார். அந்த வழியில் எடுத்துக்கொள்கிறாரோ?

அவர் வராததற்குக் காரணம் நல்ல காரணம். மறுபடி வந்து உங்களைத் துக்கப்படுத்த வேண்டாம் என்றே வரவில்லை என்று பிறகு விளக்குகிறார். ஆனால் அந்த விளக்கம் சந்தேகம் வேர்பிடித்தபிறகு வருகிறது. நல்ல காரணம் தலைவர் நெஞ்சுக்குள்ளேயே இருந்தால் சபைக்கு அது இல்லாத காரணம்தான். எங்கள் கோபுரத்துக்குக் காரணம் மண்ணில் இருந்தது, கணக்கு சுத்தமாக இருந்தது. இரண்டையும் அறிந்தவர்கள் கமிட்டியில் இருந்த ஏழு பேர்.

போன தூதும் வந்த தூதும்

பவுல் திரும்பிப்போய் எழுதிய கடிதம் நம் கையில் இல்லை என்றே பலர் கருதுகிறார்கள். அதைப் பற்றி அவர் சொன்னது மட்டும் இருக்கிறது: "மிகுந்த வியாகுலமும் மன இடுக்கமும் அடைந்தவனாய் அதிகக் கண்ணீரோடே உங்களுக்கு எழுதினேன்." அனுப்பியபின் வருந்தினார். எழுதியிருக்கக்கூடாதோ என்று நினைத்ததை அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் இம்முறை தீத்து போனார்.

தூது என்ற சொல்லுக்குத் தமிழில் பழைய கனம் உண்டு. மேகத்தையும் கிளியையும் நெஞ்சையும் தூதுவிட்டுப் பாடிய மொழி இது. அந்தப் பாட்டுகள் தூது புறப்படுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நம் சபை நிர்வாகமும் அப்படித்தான்: சுற்றறிக்கை அனுப்பினோம், பீடத்தில் வாசித்தோம், வேலை முடிந்தது. தீத்துவின் சிறப்பு அவர் போனதில் இல்லை, திரும்பி வந்ததில் இருக்கிறது. மக்கெதோனியாவில் அவர் பவுலைச் சந்தித்துக் கொண்டுவந்து கொடுத்தது வெறும் தகவல் அல்ல. கொரிந்தியரின் வாஞ்சை, அவர்கள் அழுத அழுகை, பவுலைப் பற்றி அவர்களுக்கு இருந்த பக்திவைராக்கியம், எல்லாவற்றையும் சொன்னார் என்று இரண்டாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் தீத்துவைப் பயத்தோடும் நடுக்கத்தோடும் ஏற்றுக்கொண்டார்கள், அவர் மனமும் அவர்களால் ஆறுதலடைந்தது. அதாவது, போனவர் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர் ஆகிவிட்டார். பவுலின் கோபத்தை அங்கே கொண்டுபோனவர் அவர்களுடைய துக்கத்தை இங்கே கொண்டுவந்தார்.

தீத்துவுக்கு இது ஏன் முடிந்தது? கட்சியில்லாத ஆள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தச் சபையை உண்டாக்கியவர் பவுல், நீர்ப்பாய்ச்சியவர் அப்பொல்லோ. இருவர் பெயராலும் கோஷ்டி இருந்தது. அப்பொல்லோவைப் போகச் சொல்லிப் பவுல் வேண்டியும் அவர் மறுத்துவிட்டார் என்பது முதல் நிருபத்தின் கடைசியில் வருகிறது. தன் பெயரால் ஒரு கட்சி இருக்கும் ஊருக்கு அந்த நேரத்தில் போகாமல் இருந்தது அவருடைய நிதானம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தீத்துவின் பெயரால் கொரிந்தில் கட்சி இருந்ததாக எங்கும் இல்லை.

தீத்து வந்தபிறகு எழுதிய நிருபத்தில் பவுலின் பேச்சு மாறுகிறது. முதலிலேயே பயணத்தை விளக்குகிறார், முதல் அதிகாரத்திலிருந்தே. எவ்வளவு பெரிய காரியங்கள் பேச இருக்கின்றன. அவரோ ஏன் சொன்னபடி வரவில்லை என்ற சின்ன விஷயத்துக்கு இடம் கொடுக்கிறார். சபையார் மனதில் அது சின்ன விஷயம் இல்லை என்று அவருக்கு இப்போது தெரியும். "உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்" என்கிறார். பிரம்பைப் பற்றிக் கேட்ட அதே மனிதர். தன்னை நோகடித்தவனைச் சபையின் பெரும்பான்மையோர் தண்டித்தது போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகக்கூடாது என்று அவனுக்காகப் பேசுகிறார். ஆறாம் அதிகாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்: "கொரிந்தியரே, எங்கள் வாய் உங்களோடே பேசத் திறந்திருக்கிறது, எங்கள் இருதயம் பூரித்திருக்கிறது."

கடைசி நாலு அதிகாரங்களில் குரல் மறுபடி கடுமையாகிறது. அது வேறொரு சமயம் எழுதிய கடிதமாயிருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள், ஒரே கடிதம்தான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும் ஒரே தரம் பேசி எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று இந்த நிகழ்வை வாசிக்க இடமில்லை.

திரும்பி வரும் சொல்லில் ஆறுதல் மட்டும் அல்ல, அறிவும் இருக்கும். எங்கள் சேகரத்தில் கடைசியாகப் பொறியாளரின் அறிக்கையையும் வங்கிக் கணக்கையும் ஆராதனைக்குப் பின் முழுவதுமாக வாசித்தோம். கேள்வி கேட்கலாம் என்று ஆயர் ஐயா சொன்னார். வெகுநேரம் யாரும் எழவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு வயதான கொத்தனார் எழுந்தார். "ஐயா, அந்த எடத்துல ஒரு கெணறு கெடக்கு. எங்க அப்பா காலத்துல தூர்த்தாச்சு. சின்னப் பிள்ளையில அதுல தண்ணி எறச்சிருக்கேன்." மண் இறங்கியதன் காரணம் எட்டு மாதமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அவரிடம் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பணத்தை எப்படிப் பேசினார்கள்

எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணம் இந்த நிகழ்வில் ஓர் உரைகல். நம்பிக்கை போயிருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது.

தொடக்கத்திலேயே பவுல் ஒரு வழி வைத்திருந்தார்: வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி தன்னிடத்திலேயே சேர்த்துவைக்கவேண்டும். பணம் பவுல் கைக்கு வரவேண்டியதில்லை. அதை எருசலேமுக்குக் கொண்டுபோகிறவர்களையும் அவர் நியமிக்கவில்லை, நீங்கள் தகுதியுள்ளவர்கள் என்று யாரைக் குறிப்பீர்களோ அவர்களை அனுப்புவேன் என்றார். சந்தேகம் எழுந்தபிறகு அந்த ஏற்பாடு இன்னும் இறுகியது. தீத்துவோடு இன்னும் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தெரிந்தெடுக்கப்பட்டவர். காரணத்தையும் மறைக்காமல் எழுதினார்: "இந்த மிகுதியான தர்மப்பணத்தைக்குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு நாங்கள் எச்சரிக்கையாயிருந்து, கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்."

"மனுஷருக்கு முன்பாகவும்" என்ற அந்தச் சொல் எனக்குப் பெரிய சொல். கணக்குக் கேட்டால் "கர்த்தர் அறிவார்" என்று பதில் சொல்கிற தலைவர்கள் நம்மிடையே உண்டு. கர்த்தர் அறிவார் என்பது பவுலுக்கும் தெரியும். அது போதாது என்பதும் அவருக்குத் தெரிந்தது. கேட்கிறவனை அவர் விசுவாசமில்லாதவன் என்று சொல்லவில்லை. கேட்கவேண்டிய தேவையே இல்லாதபடி முன்கூட்டியே ஆள் வைத்தார், பெயர் சொல்லாவிட்டாலும் அவர்கள் தகுதியை எழுதிக் காட்டினார். கொடுக்கச் சொல்வதையும் "கட்டளையாகச் சொல்லாமல்" யோசனையாகச் சொன்னார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து

பவுல் பிறகு கிரேக்க நாட்டுக்கு வந்து மூன்று மாதம் தங்கினார். ரோமருக்கு எழுதிய நிருபம் அந்தக் காலத்தில் கொரிந்திலிருந்து எழுதியது என்பது பொதுவான கருத்து. அதில் கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு ஊழியக்காரியான பெபேயாளை ரோமருக்கு அறிமுகப்படுத்துகிறார். உபசரிப்பவர் காயு. வாழ்த்துச் சொல்கிறவர்களில் ஏரஸ்துவும் உண்டு. பதினைந்தாம் அதிகாரத்தில், மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ளவர்கள் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்க்க விருப்பமாயிருந்தார்கள் என்கிறார். அகாயாவின் தலைநகரம் கொரிந்து. பணம் சேர்ந்தது.

ஆனால் ஏறத்தாழ கி.பி. 96-ல் அதே சபையில் மறுபடி கலகம். ஓரிருவரின் தூண்டுதலால் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரோமச் சபை ஒரு நீண்ட கடிதம் எழுதியது, எழுதியவர் கிளெமெந்து என்று பாரம்பரியம் சொல்கிறது. அந்தக் கடிதம் தன் தாமதத்தை விளக்கியே தொடங்குகிறது: எங்களுக்கு அடுத்தடுத்து வந்த இடுக்கண்களால் உங்கள் காரியத்தில் கவனம் செலுத்தப் பிந்திவிட்டோம். இறக்கப்பட்ட மூப்பர்களைப் பற்றிப் பேசும்போது, சபை முழுவதின் சம்மதத்தோடு நியமிக்கப்பட்டவர்கள் அவர்கள் என்று நினைவூட்டுகிறது. பவுலின் நிருபத்தை எடுத்து வாசியுங்கள் என்கிறது.

கடிதத்தோடு கிலவுதியு எபேபு, வலேரியு பித்தோன், பொர்த்துனாத்து என்று மூன்று பேரை அனுப்பினார்கள். கடைசி வரிகளில் ரோமச் சபை கொரிந்தியரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறது: இவர்களைச் சீக்கிரமாக எங்களிடம் திருப்பி அனுப்புங்கள், உங்களுக்குள் சமாதானம் உண்டானது என்ற செய்தியை நாங்கள் சீக்கிரமாய்க் கேட்கவேண்டும்.

அந்த மூவர் கொண்டுவந்த பதில் நம் கையில் இல்லை. ஆனால் ஏறத்தாழ 170-ல் கொரிந்துச் சபையின் பேராயராயிருந்த தியொனிசியு ரோமச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளெமெந்து மூலமாக நீங்கள் அன்று எழுதிய கடிதத்தை இன்றும் எங்கள் சபையில் வாசிக்கிறோம் என்று அதில் இருக்கிறது.